வண்டுக்கு மருந்து விற்கப் போய் மூன்றே முக்கால் லட்சம் விட்ட கதை

போன வாரம் என்னோடு படித்த தோழியின் தங்கை போன் செய்தாள். விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். தானியக் கிடங்குகளுக்கு அடிக்கிற புதுப் பூச்சிமருந்து ஒன்று வந்திருக்கிறதாம், வடசென்னை முழுக்க ஏஜென்சி தருகிறார்களாம், ஒரு லட்சம் டெபாசிட் கட்டினால் போதுமாம். "அக்கா, நீங்க இதே லைன்ல இருந்தீங்களே, எப்படி?" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023 ஜூனில் இதே வார்த்தைகளைக் கேட்டுத் தலையாட்டி, பத்துப் பவுனை அடகு வைத்தவள் நான். போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரும் மருந்தின் பெயரும் வேண்டாம். மருந்தில் குறை இல்லை. யாரிடம் விற்பது என்று தெரியாமல் வாங்கியதுதான் குறை.

எங்கள் வீடு தண்டையார்பேட்டை. மாமனார் பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் பி.எஸ்சி. விலங்கியல். பத்து வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். கொரோனாவுக்குப் பிறகு அதை மூடிவிட்டார்கள். கடைக்கு வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி பேச்சுவாக்கில் என் படிப்பைக் கேட்டுவிட்டு, "மேடம், உங்க டிகிரியே பாதி முதலீடு" என்றார். அது பொய்யில்லை. பூச்சிமருந்து விற்கும் உரிமத்துக்கு 2017-இல் விதியைத் திருத்திப் படிப்புத் தகுதி கொண்டுவந்தார்கள். வேளாண்மையோ உயிர்வேதியியலோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றைப் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும். படிப்புக்கு மதிப்பு வந்துவிட்டதே என்று நான் பூரித்துப்போனேன். அவருக்கு வேண்டியிருந்தது என் சான்றிதழ் என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் காட்டிய கணக்கு அழகாக இருந்தது. கிடங்கு வியாபாரிகள் வருடக்கணக்காக நம்பியிருந்த டைகுளோர்வாஸ் மருந்தை மத்திய அரசு 2018-இல் தடைப் பட்டியலில் போட்டு, 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே நாம் உட்கார வேண்டும் என்றார். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று மளிகைக் கடைகளை எண்ணி, கடைக்கு மாதம் இரண்டு பொட்டலம் என்று பெருக்கிக் காட்டினார். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு பொட்டலத்தைக் கடைக்காரர் எதற்கு வாங்குவார் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருட மளிகைக்காரர் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடமாவது கேட்டிருக்கலாம். அவர் தன் கடைப் பருப்பு டின்னில் வசம்புத் துண்டைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை.

பணம் போனது இப்படி. டெபாசிட் 1,00,000. ஜூன் முடிவதற்குள் எடுத்தால் தள்ளுபடி என்றதால் 250 கிராம் பொட்டலம் 800, ஒன்று 380 ரூபாய் வீதம் 3,04,000. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 54,720. நகைக் கடன் மூன்று லட்சம், மீதி சீட்டுப் பணம். பெட்டிகள் கடை வாசலில் வந்து இறங்கியபோது மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிடற பொருள் இருக்கற இடத்துல இது வேணாம்மா" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கே கொருக்குப்பேட்டையில் ஓர் அறையை மாதம் 4,500 வாடகைக்குப் பிடித்தேன். மனசுக்குள் அவர் மேல் கோபம்.

ஒரு மாதம் கழித்துத்தான் சட்டமும் அவர் சொன்னதையே சொல்கிறது என்று தெரிந்தது. மனிதரோ கால்நடையோ உண்ணும் பொருள் வைத்து விற்கிற கட்டடத்தில், வீட்டு உபயோகத்துக்கென்று பதிவானவை தவிர, வேறு பூச்சிமருந்தை வைக்கவோ விற்கவோ கூடாது. அப்படியென்றால் பிரதிநிதி எண்ணிக் காட்டிய மளிகைக் கடைகளில் ஒன்றில்கூட என் மருந்தை அடுக்க முடியாது! அந்தக் கணக்கைப் போட்டவர் சோப்போ பிஸ்கட்டோ விற்றுப் பழகியவராக இருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை கடை இருக்கிறது" என்பதல்ல, "எந்தக் கடையில் இதை வைக்கலாம்" என்பது.

அடுத்த அடி உரிமம். வேளாண்மைத் துறையில் விண்ணப்பிக்கும்போது, எந்தக் கம்பெனியின் எந்த மருந்தை விற்கப்போகிறோமோ அதற்கு அந்தக் கம்பெனி தரும் பிரின்சிபல் சர்டிபிகேட்டை இணைக்க வேண்டும். தொழிலில் பி.சி. என்பார்கள். பணம் வாங்க இரண்டு நாளில் வந்தவர்கள், பி.சி. அனுப்ப இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டார்கள். வாரம் இரண்டு முறை போன். "டெஸ்பாட்ச் ஆயிடுச்சு மேடம்." அலுவலகப் பரிசீலனையும் முடிந்து உரிமம் கைக்கு வந்தபோது அக்டோபர் கடைசி. விற்பதற்கு மட்டுமல்ல, விற்பதற்காக இருப்பு வைப்பதற்கும் உரிமம் வேண்டும். அதாவது அந்த நாலு மாதமும் கொருக்குப்பேட்டை அறையில் நான் செய்துகொண்டிருந்ததே தவறு. யாராவது வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் வேர்க்கிறது. பி.சி. கையில், உரிமம் கையில், அதற்குப் பிறகுதான் சரக்குக்குப் பணம். தள்ளுபடி போனால் போகட்டும்.

இதில் இன்னொரு நஷ்டம் மறைந்திருந்தது. பொட்டலத்தில் தயாரித்த மாதம் பிப்ரவரி 2023, காலாவதி ஜனவரி 2025. எனக்கு வந்தபோதே நாலு மாதம் போயிருந்தது. உரிமம் வருவதற்குள் இன்னும் நாலு மாதம். இந்தச் சரக்கு வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் கையால் தள்ளிவிடுவார்கள். ஆக, எனக்கு உண்மையில் இருந்த விற்பனைக் காலம் மூன்று மாதம்தான்.

நவம்பரில் செங்குன்றம் போனேன். ஜி.என்.டி. சாலையின் இரண்டு பக்கமும் அரிசி ஆலைகளும் மண்டிகளும் இருக்கிற ஊர். தானியம் இருக்கிற இடத்தில் வண்டு இருக்கும், வண்டு இருக்கிற இடத்தில் மருந்து விற்கும் என்பது என் தர்க்கம். ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டி மண்டியாக ஏறுவதை விநோதமாகப் பார்த்தார்கள், ஆனால் மரியாதைக் குறைவாக யாரும் நடத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். மருந்து மட்டும் வாங்கவில்லை. பதினோராவது மண்டியில் ஒரு பெரியவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என் சரக்கு பதினஞ்சு இருபது நாள்ல ஓடிடும். வண்டு வர்ற வரைக்கும் அரிசி என்கிட்ட கிடந்தா எனக்கு வியாபாரம் தெரியலன்னு அர்த்தம். அதுக்கு எதுக்கு மருந்து?" என்றார்.

அவர் சொன்னது என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அரிசிக் கூன்வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் பூசி அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, முழு வண்டாக வெளியே வர நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இருபது நாளில் கைமாறுகிற அரிசியில் அது அடுத்தவர் வீட்டில்தான் வெளியே வரும். படித்திருந்தேன், மார்க் வாங்கினேன், வியாபாரத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

விலையிலும் ஒரு சிக்கல் இருந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், அதைத் தவிர்க்க 26 கிலோ சிப்பம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வரியில்லாத அரிசி விற்கிறவருக்கு, நான் போடுகிற 18 சதவீதத்தைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள வழியே இல்லை. எனக்கு 460 ரூபாய் பொட்டலம், அவருக்கு 543. "வரி போக இவ்வளவு" என்று நான் விலை சொன்ன ஒவ்வொரு முறையும் அவர்கள் சிரித்ததன் காரணம் இதுதான். வாங்குகிறவருக்கு அந்த வரி திரும்பக் கிடைக்குமா என்று பார்க்காமல் விலை போடாதீர்கள்.

இதற்கிடையில் ஒரு கிடங்குக்காரர் இரக்கப்பட்டோ என்னவோ, "அடிச்சுக் காட்டு, பார்க்கலாம்" என்றார். சுவர், தரை, கட்டை இடுக்கு, மூட்டைகளின் வெளிப்பக்கம் எல்லாம் அடிக்க ஏற்பாடு செய்தேன். மறுநாள் காலையில் மூட்டை அடுக்கிய அட்டியைச் சுற்றி வண்டுகள் கும்பலாகச் செத்துக் கிடந்தன. அவரே செல்போனில் படம் எடுத்தார். பன்னிரண்டு பொட்டலம் வாங்கினார். அன்று திரும்பும் பஸ்ஸில் நான் அழுதது சந்தோஷத்தில். இருபத்தாறாவது நாள் போன். "உங்க மருந்து போலி மருந்தும்மா. சாக்கு மேல எல்லாம் ஊருது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். ஊர்ந்துகொண்டுதான் இருந்தன. அரிசிக்கு உள்ளே புழுவாக இருந்தவை வளர்ந்து வெளியே வந்திருக்கின்றன. வெளியில் அடிக்கிற மருந்து உள்ளே இருப்பதைத் தொடாது. முதலில் மூட்டைகளை மூடி, 'மாத்திரை' போட்டு உள்ளிருப்பதைக் கொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து புதிதாக வராமல் தடுக்கத்தான் என் மருந்து. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு, பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடுவது. அரசு அமைப்புகளுக்கும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே அதைக் கையாள அனுமதி. நான் தொடவே முடியாது. இதையெல்லாம் அடிப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அவர் என்னை நிபுணர் என்று நினைத்திருப்பார். பிறகு சொன்னதால் சால்ஜாப்பு என்று நினைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். செத்த வண்டு படத்தை எடுத்தவரேதான் ஊர்ந்த வண்டு படத்தையும் எடுத்து, செங்குன்றத்தில் பாதிப் பேருக்கு அனுப்பினார்.

அந்த நேரத்தில் பிரதிநிதி சொன்ன யோசனையைச் சொல்லாமல் விட முடியாது. "அப்போ அரிசியிலேயே கொஞ்சம் கலந்துடச் சொல்லுங்க மேடம், ஒண்ணும் ஆகாது." பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை எடுத்துத் தமிழ்ப் பகுதியைப் படித்தேன். கிடங்கின் சுவருக்கும் தரைக்கும் மூட்டையின் வெளிப்பக்கத்துக்கும் மட்டும். உணவுத் தானியத்தில் நேரடியாகக் கலக்கக் கூடாது. எந்த மருந்து எதற்குப் பதிவாகியிருக்கிறது என்பதை பரிதாபாத்தில் இருக்கும் மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் வெளியிடுகின்றன. பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும். நாம் இதையெல்லாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாயில் போவதோடு கலக்கச் சொல்கிறபோதுதான் அது விஷம் என்று ஞாபகம் வருகிறது. அன்றோடு அந்த ஆளின் போனை எடுப்பதை நிறுத்தினேன்.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். கொருக்குப்பேட்டையில் முழங்கால் தண்ணீர். பெட்டிகளைக் கட்டை மேல் ஏற்றி அடுக்கியிருந்ததால் தப்பின; என் வாழ்க்கையில் அந்த வருடம் நான் சரியாகச் செய்த ஒரே காரியம். வெள்ளம் வடிந்ததும் எனக்குத் தானாக வந்த முதல் போன் அழைப்பு: நனைந்த மூட்டைகளுக்கு மருந்து வேண்டும், உடனே, ஐம்பது பொட்டலம். கை நடுங்கியது. ஆனால் நனைந்த தானியத்துக்கு எதிரி பூஞ்சை, பூச்சி இல்லை. அதற்கு என் மருந்து ஒன்றும் செய்யாது. அப்படியே சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு "சரிம்மா" என்று வைத்துவிட்டார். 23,000 ரூபாய். அன்று இரவு தூக்கம் வரவில்லை, நேர்மையை நினைத்துப் பெருமைப்பட்டெல்லாம் இல்லை, வட்டிக் கணக்கைப் போட்டுக்கொண்டு.

அடுத்து, மாதவரம், மணலி பக்கத்துப் பெரிய தனியார் கிடங்குகளுக்குப் போனேன். துறைமுகத்தில் இறங்குகிற பருப்பு வகைகள் அங்கே தங்கும். அங்கே யாருமே மருந்து வாங்குவதில்லை! பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டுவிடுகிறார்கள். எந்த மருந்து என்று முடிவு செய்வது அந்த ஒப்பந்தக்காரர். சரி, அவர்களிடம் போனேன். கிடங்குகளில் வழக்கமான முறை, மாலத்தியான் 50 ஈ.சி. என்ற திரவ மருந்தை நூறு பங்கு தண்ணீரில் கலந்து நூறு சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர், பதினைந்து நாளுக்கு ஒரு தரம். டெல்டாமெத்ரின் 2.5 சதவீத நனையும் தூள் என்றால் லிட்டருக்கு 40 கிராம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம். என்னுடையது நாலு மாதம் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னேன். ஒப்பந்தக்காரர் கேட்டார்: "நாலு மாசத்துக்கு நான் போகலன்னா, எனக்கு பில்லு யாரு குடுப்பா?"

அவருக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கூலி. எட்டுத் தடவை போகிற இடத்தில் ஒரு தடவை போனால் போதும் என்கிற மருந்து, அவர் வயிற்றில் அடிக்கிற மருந்து. நான் எதைச் சிறப்பு என்று நினைத்து நோட்டீஸில் பெரிய எழுத்தில் அச்சடித்தேனோ, அதுதான் அவருக்கு இடைஞ்சல். பிறகுதான் விசாரிக்கக் கற்றுக்கொண்டேன். மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒப்பந்தம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆள் கூலி மிச்சமாகிறது, அதனால் அவர்கள் வாங்கினார்கள். அப்படி இரண்டு பேர். ஒருவர் 60 நாள் கடன் கேட்டு 22,000 ரூபாயை இன்றுவரை தரவில்லை.

உண்மையான வாடிக்கையாளரை எனக்குக் காட்டியது ஒரு லோடுமேன் அண்ணன். ஜனவரியில், செங்குன்றத்தில் டீக்கடை பெஞ்சில் நான் துவண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "யக்கா, ஓடற அரிசிகிட்ட போய் என்னா பண்ற? பழைய அரிசி கட்டி வெச்சிருக்கவங்ககிட்ட போ" என்றார். அரைத்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பழைய அரிசி உதிரியாக வேகும், கல்யாணச் சமையல்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள், விலையும் கூட. அதற்காகவே அரிசியை அட்டி போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வண்டு என்றால் நேரடியாகப் பணம் போகிற விஷயம். முதல் ஆளிடம், எது கொல்லும் எது கொல்லாது என்று சொல்லி, மாத்திரை போடுகிற ஒப்பந்தக்காரரையும் கூட்டிப்போய், பிறகு அடித்துக் கொடுத்தேன். 40 பொட்டலம். அந்த வெள்ளத்து ஆளும் பிப்ரவரியில் கூப்பிட்டார். அவரும் பழைய அரிசிக்காரர்தான். வண்டு இருக்கிற இடத்தைத் தேடி மூன்று மாதம் அலைந்திருக்கிறேன். தேடியிருக்க வேண்டியது தானியம் நகராமல் கிடக்கிற இடத்தை.

ஆனால் அதற்குள் பொட்டலத்தில் தேதி பன்னிரண்டு மாதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மொத்தம் விற்றது 310, சராசரி 440 ரூபாய். மீதி 490. திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது என்ற வரியை ஒப்பந்தத்தில் காட்டினார்கள். என் கையெழுத்துக்கு இரண்டு விரல்கடை மேலேதான் இருந்தது. டெபாசிட்டில் ஒரு வருடம் நடையாய் நடந்து 60,000 வாங்கினேன். சரக்கு, பதினெட்டு மாத வாடகை 81,000, உரிமம், நோட்டீஸ், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 34,000, வராத டெபாசிட் 40,000, வராத பாக்கி 22,000. வந்ததைக் கழித்தால் 3,44,600. விற்காத சரக்கின் ஜி.எஸ்.டி.யில் முடங்கியது முப்பதாயிரம். நகை வட்டியை இதில் சேர்க்கவில்லை, சேர்க்க மனசு வரவில்லை.

காலாவதியான பூச்சிமருந்தைக் குப்பையில் போட முடியாது, சாக்கடையில் கொட்ட முடியாது. தனியாக ஒதுக்கி, விற்பனைக்கல்ல என்று எழுதி வைத்திருக்க வேண்டும். கம்பெனிக்கு எழுத்தில் கடிதம் போட்டு, மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு லாரி அனுப்பி எடுத்துப்போனார்கள், பைசா தராமல். அதற்கு முந்தின நாள் என் மகன் கெட்டி மார்க்கரால் ஒவ்வொரு பெட்டியிலும் 'விற்பனைக்கல்ல' என்று எழுதினான். எட்டாம் வகுப்பு. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினான் என்பதை அந்த நிலையிலும் கவனித்தேன்.

பத்துப் பவுனில் ஆறு திரும்பி வந்துவிட்டது. இப்போது அந்த மொத்த ஒப்பந்தக்காரர்களில் ஒழுங்காகப் பணம் கொடுத்தவரிடம் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறேன். கிடங்குகளில் பொறி வைத்து வண்டு எண்ணிக்கை பார்த்து, எப்போது எது தேவை என்று சொல்வது என் வேலை. தோழியின் தங்கையிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி.சி. நகல், பதிவுச் சான்று, திரும்ப எடுக்கும் விதி, இந்த மூன்றையும் எழுத்தில் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை. வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் செங்குன்றம் போகிறோம். மருந்துப் பொட்டலம் எதுவும் எடுத்துப்போகவில்லை, ஒரு நோட்டு மட்டும். யாரிடம் எத்தனை மூட்டை எத்தனை மாதம் கிடக்கிறது, அடிக்கிற ஒப்பந்தம் யாரிடம், தடவைக்கா மாதத்துக்கா. அந்த டீக்கடையில் லோடுமேன் அண்ணன் இருந்தால் முதலில் அவரிடம்.